எறும்பு கடிக்கிற மாதிரிதான்

எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, கணக்கில்லாத கைகளில் கேனுலா போட்டு, ஒவ்வொரு கைக்கும் "ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொன்னவள் நான். அந்தப் பொய்யை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைவில்லை. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் சொன்னாள், நானும் சொன்னேன். அவளுக்கும் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேனுலா என்பது வேறொன்றுமில்லை. ஊசியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று உறை மாதிரி இருக்கும். ஊசியோடு சேர்ந்து நரம்புக்குள் போகும். ஊசியை உருவிவிட்டால் குழாய் மட்டும் உள்ளே தங்கும். அதன் வழியாக மருந்து, குளுக்கோஸ், ரத்தம் எல்லாம் ஏற்றலாம். சாதாரண ஊசி குத்தியதும் முடிந்துவிடும். இது வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் போகும்.

நான் கெட்டிக்காரி. இதில் எனக்கு அடக்கம் கிடையாது. குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வார்டிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வாய் பொல்லாதது. சத்தம் போடுகிற நோயாளியைக் கண்டாலே எனக்கு ஆகாது. "புள்ள பெத்தவதானே நீ, இதுக்கா இந்தக் கத்து கத்துற?" என்பேன். ஆண்களிடம், "மீசை வச்சிருக்கீங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்பேன். வார்டே சிரிக்கும். கத்தியவர் வாயை மூடிக்கொள்வார். வலி போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

புதிதாக வரும் நர்ஸ் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், "மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு." முகத்தைப் பார்த்தால் நம் கை நடுங்கும், குறி தப்பும். இரண்டாவது பாடமாக என் மகன் கதையைச் சொல்வேன். ஒன்பது வயதில் அவனுக்கு டைஃபாய்டு வந்து என் வார்டிலேயே படுத்திருந்தான். அப்போதெல்லாம் கேனுலா எங்கள் ஊருக்குப் புதுசு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பத்தே பத்து வந்திருந்தது. அதில் ஒன்றை என் பையனுக்கு எடுத்துக்கொண்டேன். டாக்டரும் பயிற்சிக்கு வந்த பெண்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நானே போட்டேன். பழக்கமில்லாத சாமான், நான்கு தடவை குத்தவேண்டி வந்தது. அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஒம்பது வயசுப் பையன் நாலு குத்துக்கு அழல, நீங்க என்னமோ!" என்று முப்பது வருஷமாக எத்தனையோ பேர் வாயை இந்தக் கதையால் அடைத்திருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் வீடு. பேங்க் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஜெர்சி சிட்டி ஆபீசுக்குப் போவான், மற்ற நாள் வீட்டு மேல் அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "எஸ், எஸ், நோ ப்ராப்ளம்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். பிராப்ளம் இருந்தாலும் அதையேதான் சொல்வான். போன கோடையில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அங்கே போயிருந்தேன்.

போன உடனேயே நடப்பதற்கென்று வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தான். எனக்குச் சர்க்கரை உண்டு. நாலாம் நாள் குதிகாலில் கொப்புளம். நர்ஸ் ஒருத்திக்கு அது என்னவாக முடியும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் "ஒண்ணுமில்ல, சின்னக் கொப்புளம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மஞ்சள் வைத்தேன். வேறு யாராவது அப்படி வைத்துக்கொண்டு என் வார்டுக்கு வந்திருந்தால் வெளுத்து வாங்கியிருப்பேன். ஒன்பதாம் நாள் கால் கெண்டைவரை சிவந்து, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மகன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனான்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ லீவு போடுவ."

"இப்ப மட்டும் போடலையா?" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்.

எமர்ஜென்சியில் எங்களிடம் வந்த நர்ஸ் சின்னப் பெண். நீல உடுப்பு, முன்கை முழுக்கக் கொடி பச்சை குத்தியிருந்தாள். அறுபத்து நாலு வயதுப் பொம்பளையை "ஸ்வீட்டி" என்றாள். நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, "இந்தாம்மா, கையக் குடு" அவ்வளவுதான். ஒரு கம்பத்தில் மாட்டிய திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளரை அதில் கூப்பிடலாம், வேண்டுமா என்று கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொன்னது என் மகன்.

"நோ நீட். ஐ ஆம் ஹர் சன். ஐ வில் ட்ரான்ஸ்லேட்."

வேண்டாம் என்று திரையில் விரலால் ஒரு தட்டு. கம்பம் மூலைக்குப் போய்விட்டது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கேஸ் ஷீட் படிப்பேன், நைட் ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷில்தான் எழுதினேன். பேசுவதுதான் வராது. இவர்கள் பேசுகிற வேகத்துக்கு ஒரு வாக்கியத்தைப் பிடிப்பதற்குள் மூன்று வாக்கியம் ஓடிவிடும். அதற்காக என்னை ஒன்றும் தெரியாத மூட்டை மாதிரி நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசினால் எப்படி இருக்கும்?

அவள் எடுத்த கேனுலாவைப் பார்த்தேன். பச்சை. நிறத்தை வைத்துத்தான் அளவு. உலகம் முழுக்க ஒரே நிறம்தான் போலிருக்கிறது. பச்சை பெரியது. சர்க்கரைக்காரக் கிழவி கைக்குப் பச்சையா? நீலம் போதும். அதுவும் முழங்கை மடிப்பில் கயிற்றைக் கட்டித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், அங்க வேண்டாம்னு சொல்லு. மடங்குற இடம், நிக்காது. முன்கையில, பக்கவாட்டுல நல்ல நரம்பு ஒண்ணு ஓடுது பாரு. நீலம் எடுக்கச் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ். அவங்க ப்ரொஃபஷனல்ஸ்."

"நான் யாருடா? புல்லுக் கட்டு வித்தேனா?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்து, "ஷீ இஸ் ஜஸ்ட் நர்வஸ்" என்றான். நான் நர்ஸ் என்பதைக்கூட அவன் சொல்லவில்லை.

முதல் குத்து வலது முழங்கையில். நுழைந்த வலி ஒரு வலி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நரம்பு கிடைக்காமல் அவள் ஊசியை உள்ளேயே வைத்துக்கொண்டு இடமும் வலமும் துழாவினாள். அதுதான் வலி. தோலுக்குக் கீழே எனக்கே தெரியாத இடங்களை எல்லாம் அது தொட்டது. அக்குள்வரை சுண்டியது, சுண்டுவிரல் தானாக மடங்கியது. இந்தத் துழாவலை நான் எத்தனை கைகளில் செய்திருக்கிறேன்! "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று சொல்லிக்கொண்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவது மாதிரி. யாராவது சொன்னார்களா, இப்படி இருக்குமென்று? சொன்னார்கள். கத்தினார்கள். நான்தான் மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது குத்து புறங்கையில். நரம்பு வெடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாய் ஒரு கட்டி எழும்பியது. "யூ ஹாவ் ட்ரிக்கி வெய்ன்ஸ், ஸ்வீட்டி" என்றாள். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வசனமும் என்னுடையதுதான், தமிழில் சொல்வேன், "உன் நரம்பு சரியில்ல." மூன்றாவது குத்து இடது முழங்கை மடிப்பில். ரத்தம் பின்னால் வந்தது, குழாய் உள்ளே போனது. ஒட்டினாள், கை மடங்காமலிருக்க மேலே துணி வலையைச் சுற்றினாள். நான் ஒரு சத்தம் போடவில்லை. கீழுதட்டைக் கடித்ததில் உப்புக்கரித்தது.

சுவரில் ஒரு படம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. வலி எவ்வளவு என்று கேட்டாள். மகன் என் பக்கம் திரும்பினான்.

"எட்டு" என்றேன்.

"டூ" என்றான் அவளிடம். "மே பி த்ரீ."

எட்டுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? வாயைத் திறந்து "எய்ட்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைக்காரப் பெண் முன்னால் மகனைப் பொய்யனாக்க வேண்டாம் என்று பார்த்தேன். இன்னொன்றும் உண்டு. எட்டு என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி டீ குடிக்கும்போது நாங்கள் என்ன பேசுவோம் என்றும் தெரியும்.

அவள் போனபிறகு, ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். "எட்டுன்னு சொன்னா அவ ஸ்ட்ராங்கா ஏதாவது பெயின் மெடிசின் குடுத்துடுவா. இந்த ஊர்ல அதுலதான் பாதிப் பேரு அடிக்ட் ஆயிருக்காங்க. தவிர, கம்ப்ளெயின் பண்றவங்களை இங்க யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்கம்மா" என்றான். இதை எல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவன் மாதிரிச் சொன்னான்.

மாடியில் அறை கொடுத்தார்கள். கால் சிவப்பு இறங்கும்வரை வீரியமான ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். நான் சொன்னது மாதிரியே நடந்தது. கை கொஞ்சம் மடங்கினாலும் மருந்தை ஏற்றுகிற பம்ப் கூவும். அந்த மாடி நர்ஸ் வருவாள், பம்பைத் தட்டுவாள், போவாள். என் கையை அல்ல, பம்பைத்தான் பார்த்தாள். எங்கள் வார்டில் பம்பே கிடையாது, சொட்டை எண்ணுவோம். எண்ணவாவது பக்கத்தில் போய் நின்றாக வேண்டும்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து மருந்து ஏற ஆரம்பித்ததும் கை எரிந்தது. முதலில் மிளகாய் அரைத்த கை மாதிரி. அரை மணியில் அடுப்புக்குள் விட்ட மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. குழாய் நரம்பை விட்டு வெளியே வந்துவிட்டது, மருந்து சதைக்குள் இறங்குகிறது. சில மருந்துகள் அப்படி இறங்கினால் தோல் செத்துப்போகும். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். வலையும் போர்வையும் மூடியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வலது கை இரண்டு குத்தில் வீங்கிக் கிடந்தது, வலையை அவிழ்க்க விரல் ஓடவில்லை.

மகன் ஜன்னலோரம் லாப்டாப்போடு மீட்டிங்கில் இருந்தான்.

"டேய், எரியுது. லைன் வெளிய வந்திருச்சு. நிறுத்தச் சொல்லு."

ஒரு விரலை உயர்த்திக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. நர்ஸ் எதற்கோ உள்ளே வந்தாள். அவன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "ஷீ இஸ் எ லிட்டில் அன்கம்ஃபர்டபிள்" என்றான். அவள் இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தாள். பம்ப் கூவவில்லை, ஆகவே எல்லாம் சரி. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்திருப்பேன், கை இருந்திருந்தால்.

பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது. ஏன் அழுத்தவில்லை என்று கேட்பீர்கள். "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற நோயாளியைப்போல வெறுப்பாக எனக்கு வேறொன்றும் இருந்ததில்லை. அந்த இனத்தில் போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை. கையே போனாலும் கௌரவம் போகக்கூடாது என்று படுத்திருந்தேன். முட்டாள்தனத்துக்கு வயது வரம்பு கிடையாது.

ஐந்து மணிக்கு மருமகள் வந்தாள். எனக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஆகாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவள் ரசத்தில் வெங்காயம் போடுவாள், நான் சொல்லிக் காட்டுவேன். அன்று வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்தை, ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போர்வையை விலக்கி, வலையை உருட்டிவிட்டாள். முழங்கைக்கு மேலும் கீழும் கை பூசணிப்பிஞ்சு மாதிரி பளபளவென்று வீங்கியிருந்தது. புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

நர்ஸ் ஓடிவந்தாள். பம்பை நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது. இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், டாக்டரைக் கூப்பிட்டாள், குழாயை எடுத்தார்கள், கையைத் தலையணை மேல் உயர்த்தி ஒத்தடம் வைத்தார்கள், பேனாவால் வீக்கத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டி நிறம் மாறினால் அறுவை சிகிச்சை டாக்டர் வருவார் என்றார்கள். என் இடது கை. அந்தக் கையால்தான் முப்பத்து மூன்று வருஷம் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தேன், வலது கை குத்துவதற்குத்தான்.

"இவ்வளவு வீங்குகிறவரை இவர் வலிக்கிறது என்று சொல்லவே இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டாள், மெதுவாகக் கேட்டாள், ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. மகன் சொன்ன பதிலும் புரிந்தது.

"ஷீ நெவர் டோல்ட் மீ."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எனக்கு அந்த நிமிஷம் பித்தும் இல்லை, பாசமும் இல்லை. எழுந்து ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. நாற்பத்தொரு வயதானால் என்ன? வாயிலிருந்து இங்கிலீஷ் தானாக வந்தது.

"ஐ டோல்ட். எஸ்டர்டே எய்ட், ஹீ சேஞ்ச் டூ. டுடே ஐ டோல்ட். பர்னிங். ஐ ஆம் ஸ்டாஃப் நர்ஸ். தர்ட்டி த்ரீ இயர்ஸ்."

நர்ஸ் என் மகனைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், அதே மாதிரித் திரை மாட்டிய கம்பம் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

திரையில் ஒரு பெண்மணி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை நான் ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவன். கை எவ்வளவு நோகுது? பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ."

"ஒன்பது" என்றேன். அவள் "நைன்" என்றாள். அவ்வளவுதான், ஆனால் என் கண் கலங்கிவிட்டது. பிறகு கேனுலாவின் நிறம், போட்ட இடம், எரிய ஆரம்பித்த நேரம், பக்கவாட்டு நரம்பு எல்லாவற்றையும் ரிப்போர்ட் ஒப்படைப்பது மாதிரிச் சொன்னேன். நர்ஸ் தட்டச்சுப் பண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில், மன்னிக்க வேண்டும், கையைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். "பார்த்திருக்கத்தான் வேண்டும்" என்றேன். அந்தப் பெண்மணி அதையும் குறைக்காமல் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன்.

மருமகள் எனக்கு இட்லி கொண்டுவர வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள். நானும் அவனும் மட்டும். லாப்டாப்பை மூடி வைத்திருந்தான்.

"ஏண்டா பொய் சொன்ன?"

லாப்டாப் மூடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? பெத்தவ கை போனா உனக்கு என்னன்னு இருந்தியா?"

"அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி? நாலு குத்துக்கு நீ அழலடா. ஒம்பது வயசுல. அந்தத் தைரியத்துல பாதி இருந்தா இன்னைக்கு உண்மையச் சொல்லியிருப்ப."

அவன் தலையைத் தூக்கினான். "அழுதேம்மா" என்றான்.

"பொய் சொல்லாத. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அழுதேன். சத்தம் போடல, அவ்வளவுதான். நீ பாக்கல. நீ என் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்த. ரெண்டாவது குத்துக்கு 'அம்மா'ன்னு கூப்பிட்டேன். 'கட்டில் பதினொண்ணு, ஆடாத'ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் கூப்பிடல."

எங்கள் வார்டில் நோயாளிகளைக் கட்டில் எண் சொல்லித்தான் கூப்பிடுவோம். எல்லா வார்டிலும் அப்படித்தான். இல்லவே இல்லை, நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று கத்தினேன். முப்பது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்து கைக்கு ஒத்தடம் வைத்திருக்கும்போதா சொல்வாய் என்று திட்டினேன். இப்போது பழிவாங்குகிறாயா என்றும் கேட்டுவிட்டேன். அவன் நழுவியிருந்த ஒத்தடத் துணியை எடுத்துச் சரியாக வைத்தான்.

கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அன்றைக்கு அவன் படுத்திருந்த தலையணை ஞாபகம் வந்தது. குழாய் நின்றபிறகு, ஒட்டி முடித்துவிட்டு, அவனைத் திருப்பிப் படுக்க வைத்தேன். தலையணை உறை ஒரு பக்கம் நன்றாக நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்வை என்று நினைத்து உறையை மாற்றினேன். டைஃபாய்டு காய்ச்சலில், ஏறுகிற சமயத்தில், அப்படி ஒரு பக்கம் மட்டும் வியர்க்காது. இதை நான் பயிற்சிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஒரு நடுத்தர வயது ஆள் வந்தார். நரம்பு கிடைக்காதவர்களுக்குக் கேனுலா போடுவதற்கென்றே இருக்கிற நர்ஸ். சின்ன ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். திரையில் யாழ்ப்பாணத்து அம்மாவையும் கூப்பிட்டார். எந்த இடத்தில் வேண்டும் என்று என்னைக் கேட்டார். வலது முன்கையைக் காட்டினேன். மெஷினை வைத்துப் பார்த்து, "நைஸ்" என்றார். நீலத்தைத்தான் எடுத்தார்.

"என் மூஞ்சியப் பாரு" என்றேன் மகனிடம். அவன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தான். குத்தும்போது நான் உதட்டைக் கடிக்கவில்லை. "அம்மா" என்று நன்றாகச் சத்தம் போட்டே சொன்னேன். அவருக்கு ஒரே குத்து, உள்ளே போய்விட்டது. எவ்வளவு வலி என்று கேட்டார். மகன் வாயைத் திறக்கவில்லை.

"மூணு" என்றேன். உண்மையில் மூன்றுதான். எறும்பு இல்லை, ஆனால் மூன்று.

அவர் போனபிறகு மகன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இடது கையில் பேனாக் கோடு அப்படியே இருந்தது. நிறம் மாறவில்லை. கை தப்பிவிட்டது, ஆனால் இன்றுவரை இரண்டு விரல் நுனியில் மரமரப்பு இருக்கிறது. அதை வைத்து நரம்பு தேட முடியாது. தேடவும் வேண்டியதில்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன்.

சுவரில் முகங்கள் வரைந்த அந்தப் படம் இந்த அறையிலும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு உனக்கு எவ்வளவுடா?"

யோசித்துச் சொல்வான் என்று நினைத்தேன். இல்லை. கேள்வி முடிவதற்குள் சொன்னான்.

"பத்து."

யாராவது கேட்பார்கள் என்று இத்தனை வருஷமும் கையிலேயே வைத்திருந்தவன் மாதிரி. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் வார்டில் கிடையாது. இட்லி வந்ததும் அவன் ஊட்டிவிட்டான், சாப்பிட்டேன்.

ஊருக்குத் திரும்பி நாலைந்து மாதம் ஆகிறது. பழைய பயிற்சிப் பெண்களில் ஒருத்தி, இப்போது அவளே பெரிய சிஸ்டர், போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட வந்த சின்ன நர்ஸிடம், "சிஸ்டரோட பையன் ஒம்பது வயசுல நாலு குத்து வாங்கினானே, அழவே இல்ல" என்று என் கதையை எடுத்துவிட்டாள். நான் குறுக்கே புகுந்து, "அழுதான்" என்றேன். "பத்துக்குப் பத்து வலிச்சுதாம். நான் பாக்கல."